எலிச் சீரத்தில் ஈஸ்ட்ரடயால்: 96 குழி எலைசா கிட் எவ்வளவு தாங்கும்?

பெண் எலியின் மூளையில் டோபமைன், செரடோனின், காபா ஆகிய நரம்புச் செய்திக் கடத்திகள் சினைப்பை ஹார்மோன்களுக்கு ஏற்ப எப்படி ஏறி இறங்குகின்றன என்று பார்க்கும் ஆய்வு எதுவானாலும், அதை மதிப்பிட வருபவர் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: மூளையை எடுத்த அந்த வேளையில் இரத்தத்தில் ஈஸ்ட்ரடயால் (முதன்மையான ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன்) எவ்வளவு இருந்தது? கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இருக்கும் கூடங்களுக்கு இதற்குச் சட்டென்று கிடைப்பது, கிள்ளான் பள்ளத்தாக்கு விநியோகஸ்தர்கள் வரவழைத்துத் தரும் 96 குழி எலைசா கிட், அதாவது ஆன்டிபாடியையும் நிற மாற்றத்தையும் கொண்டு அளக்கும் சோதனைப் பெட்டி. பல நிறுவனங்கள் இதை விற்கின்றன. பெட்டியின் நிறம் மாறும், உள்ளே இருப்பது ஏறத்தாழ ஒன்றே. ஆகவே நிறுவனம் பார்க்காமல், இந்த வகைக் கிட் எந்த வேலைக்கு ஆகும், எதற்கு ஆகாது என்பதை மட்டும் இங்கே எடைபோடுகிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுவோம். எலிக்கு வாங்கலாம். சினைச் சுழற்சியில் ஈஸ்ட்ரடயால் உச்சம் தொடும் புரோஈஸ்ட்ரஸ் நாளையும் தாழ்ந்திருக்கும் டையீஸ்ட்ரஸ் நாளையும் பிரித்துக் காட்டவும், சினைப்பை அகற்றிய எலியில் ஹார்மோன் உண்மையிலேயே விழுந்துவிட்டதா என்று உறுதிசெய்யவும் இது போதும். சுண்டெலிக்கு வேண்டாம். அதன் சீரத்தில் உச்சநிலை அளவே பெரும்பாலும் மி.லி.க்கு 10 பிக்கோகிராமைத் தாண்டுவதில்லை. கிட்டின் அளவுகோல் தடுமாறும் இடமும் சரியாக அதுதான்.

தடுமாறக் காரணம் இருக்கிறது. இது போட்டி முறை எலைசா. மாதிரியில் உள்ள ஈஸ்ட்ரடயாலும், நொதி ஒட்டிய ஈஸ்ட்ரடயாலும் ஒரே ஆன்டிபாடிக்காகப் போட்டியிடுகின்றன. ஹார்மோன் கூடினால் நிறம் குறையும். ஆகவே மிகக் குறைந்த அளவுகளைப் படிப்பது அதிக நிறம் உள்ள குழிகளில்தான். அங்கே நிறத்தையும் ஹார்மோன் அளவையும் இணைக்கும் கோடு படுத்துக் கிடக்கிறது. உதாரணமாக, பூஜ்ய ஸ்டாண்டர்ட் (ஹார்மோன் இல்லாத ஒப்பீட்டுக் கரைசல்) நிற அளவு 2.20 காட்டும்போது 3 பிக்கோகிராம் ஸ்டாண்டர்ட் 2.10 காட்டினால், இரட்டைக் குழிகளுக்குள் 0.05 வித்தியாசம் வந்தாலே விடை 1.5 பிக்கோகிராம் வரை நகர்ந்துவிடும். 40 பிக்கோகிராமில் இது பொருட்டே இல்லை. 3 பிக்கோகிராமில் அதுவே பாதி விடை. கையேட்டில் அச்சிட்டிருக்கும் 'உணர்திறன்' என்ற எண், பூஜ்ய ஸ்டாண்டர்டைப் பலமுறை ஓட்டிக் கணக்கிட்டது. எலிச் சீரத்தில் நம்பி எழுதக்கூடிய கீழ் எல்லை அதற்கு மேலேதான் இருக்கும். எல்லைக்குக் கீழே விழுந்த மாதிரியை 'எல்லைக்குக் கீழ்' என்றே எழுதுங்கள். பூஜ்யம் என்று நிரப்பிச் சராசரி எடுக்காதீர்கள்.

இன்னொரு சிக்கல், கிட் பெரும்பாலும் மனிதச் சீரத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. மனித இரத்தத்தில் பாலின ஹார்மோன்களைப் பிடித்து வைக்கும் ஒரு குளோபுலின் புரதம் உண்டு. வளர்ந்த எலியின் இரத்தத்தில் அது கிடையாது. பிறந்த புதிதில் இருக்கும் எலிக்குட்டியிலோ ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் ஈஸ்ட்ரடயாலை இறுகப் பற்றிக்கொள்கிறது. ஸ்டாண்டர்டைக் கரைத்திருக்கும் திரவம் ஒன்று, உங்கள் மாதிரி இருக்கும் திரவம் வேறு. எலிச் சீரத்தை நேரடியாகக் குழியில் விட்டால், சினைப்பை அகற்றிய எலியிலும் 20, 25 பிக்கோகிராம் என்று எண் வரக்கூடும். அது பெரும்பாலும் ஹார்மோனின் கணக்கில் வருவதில்லை. புரதமும் கொழுப்பும் ஆன்டிபாடியின் வேலையில் குறுக்கிட்டதால் வருவது. அப்படிப்பட்ட எண்ணை வைத்துக்கொண்டு 'அறுவை சரியாக நடக்கவில்லை' என்று எலிகளைக் கழிப்பது பெரிய அநியாயம்.

இதற்கு மருந்து ஈதர் பிரித்தெடுப்பு. கையேட்டில் 'தேவையில்லை' என்று போட்டிருந்தாலும் செய்யுங்கள். 300 மைக்ரோலிட்டர் சீரத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, 1.5 மி.லி. டைஎத்தில் ஈதர் சேர்த்து, 2 நிமிடம் வோர்ட்டெக்ஸ் கலக்கியில் நன்றாகக் கலக்க வேண்டும். பத்து நிமிடம் நிற்க விட்டால் ஈதர் மேலும் நீர் கீழுமாகப் பிரியும். குழாயின் அடியை உலர்பனியும் எத்தனாலும் கலந்த தொட்டியில் பிடித்தால் கீழ்ப்பகுதி உறைந்துவிடும், ஈதர் உறையாது. அதை வேறொரு கண்ணாடிக் குழாயில் அப்படியே சாய்த்துக்கொள்ளலாம். உறைந்ததை உருகவிட்டு மறுபடியும் ஒருமுறை ஈதர் சேர்த்து எடுத்து, இரண்டையும் ஒன்றாக்கி, ஃப்யூம் ஹூட்டுக்குள் (ஆவி உறிஞ்சும் பெட்டி) நைட்ரஜன் வாயுவை மெல்ல ஊதி உலர்த்துங்கள். கடைசியில் 150 மைக்ரோலிட்டர் பூஜ்ய ஸ்டாண்டர்டில் கரையுங்கள். மாதிரி இரண்டு மடங்கு செறிவாகியிருக்கும்; விடையை 2 ஆல் வகுக்க மறக்கக் கூடாது. கிட்டோடு வரும் பூஜ்ய ஸ்டாண்டர்ட் இதற்குக் காணாது. ஆர்டர் போடும்போதே கூடுதல் புட்டி கேட்டு வாங்குங்கள். பிளாஸ்டிக் குழாய் வேண்டாம், ஸ்டீராய்டுகள் அதன் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

நம் ஊர் வெயிலில் இந்த வேலைக்குத் தனி எச்சரிக்கை தேவை. ஈதரின் கொதிநிலை 34.6 பாகை. கோலாலம்பூரின் பிற்பகல் வெப்பம் 33. குளிரூட்டி இல்லாத அறையில் மூடிய குழாயைக் குலுக்கினால் மூடி தெறிக்கும், மாதிரியும் போகும். ஈதர் புட்டியைப் பனிக்கட்டியில் வைத்து எடுத்தாளுங்கள், காலையிலேயே வேலையை முடியுங்கள், அருகில் சுடரோ சூடான தட்டோ இருக்கக் கூடாது. நாள்பட்டுத் திறந்து கிடந்த ஈதரில் பெராக்சைடு சேரும், அது வெடிக்கக் கூடியது. சோதனைத் தாளில் பார்த்துவிட்டே பயன்படுத்த வேண்டும். உறைய வைக்கிறோம் என்று ஈதர் குழாயைச் சாதாரண மைனஸ் 80 உறைபெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். ஈதர் ஆவி அங்கே தேங்கும், ஒரு மின்பொறி போதும்.

பிரித்தெடுப்பு ஒழுங்காக நடந்ததா என்று பார்க்கச் சிறு கணக்கு ஒன்று. சினைப்பை அகற்றிய எலிகளின் சீரத்தைச் சேர்த்துப் பொது மாதிரி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு பகுதியில் மி.லி.க்கு 40 பிக்கோகிராம் ஈஸ்ட்ரடயால் சேருங்கள். இரண்டையும் ஒரே தட்டில் ஓட்டுங்கள். வெறும் மாதிரி 4 காட்டி, சேர்த்தது 37 காட்டினால், 37இலிருந்து 4ஐக் கழித்து 40ஆல் வகுக்க 82.5 விழுக்காடு திரும்பக் கிடைத்திருக்கிறது. 80க்கும் 120க்கும் இடையே இருந்தால் சரி. 55 வந்தால் ஈதர் முழுமையாக எடுக்கவில்லை அல்லது உலர்த்தும்போது நைட்ரஜன் வேகத்தில் மாதிரி சிதறிவிட்டது. 150 வந்தால் குறுக்கீடு இன்னும் இருக்கிறது, அல்லது எங்கோ கலப்பு நேர்ந்திருக்கிறது.

கலப்பு என்பது இந்தத் துறையில் நிஜமான அபாயம். அதே கூடத்தில்தான் எலிக்குப் போடும் ஈஸ்ட்ரடயால் தூளும் நிறுக்கப்படும். ஒரு மில்லிகிராம் தூள் என்பது 100 கோடி பிக்கோகிராம். தராசின் ஓரத்தில் படிந்த கண்ணுக்குத் தெரியாத தூசு ஒரு தட்டையே கெடுக்கப் போதும். தூள் நிறுக்கும் அறை, எலைசா ஓட்டும் அறை, இரண்டும் வேறு வேறாக இருக்கட்டும், பிப்பெட்டுகளும் வேறாக. நிறுப்பவர் கையுறையும் முகக்கவசமும் அணிவது எலைசாவுக்காக மட்டுமல்ல, அவருடைய உடம்புக்காகவும்தான்.

தட்டில் இடம் பங்கிடுவதை முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். பூஜ்யத்தோடு சேர்த்து 7 ஸ்டாண்டர்ட், அளவு தெரிந்த இரண்டு கன்ட்ரோல் மாதிரி, ஒரு வெற்றுக்குழி, எல்லாம் இரட்டையாகப் போட்டால் 20 குழிகள் போய்விடும். மீதி 76 குழி, அதாவது 38 மாதிரி. நான்கு குழு, குழுவுக்கு 8 எலி என்றால் 32. எஞ்சும் ஆறில் பொது மாதிரியை இரண்டு இடத்திலும், ஹார்மோன் சேர்த்ததை இரண்டு இடத்திலும், அதையே நீர் கலந்து நீர்க்கச் செய்ததை இரண்டு இடத்திலும் வையுங்கள். ஒரு குழுவின் எலிகள் அனைத்தையும் ஒரே வரிசையில் அடுக்காதீர்கள். தட்டின் ஓரக்குழிகள் உள்குழிகளைவிட வேகமாகச் சூடாகின்றன. ஒரு குழு முழுவதும் ஓரத்தில் உட்கார்ந்தால், இல்லாத வித்தியாசம் ஒன்று பிறந்துவிடும்.

'அறை வெப்பநிலை' என்று கையேடு சொல்வது 20 முதல் 25 பாகை. பல கட்டடங்களில் மாலை 5 மணிக்குப் பொதுக் குளிரூட்டி நின்றுவிடும். நான்கு மணிக்குத் தட்டைத் தொடங்கினால் நிறம் ஏறும் கட்டம் 29, 30 பாகையில் நடக்கும். பூஜ்ய ஸ்டாண்டர்ட் கருநீலமாகி, நிறுத்தும் கரைசல் விட்ட பிறகு கருவி படிக்கும் எல்லையையே தாண்டிவிடும். காலை 9 மணிக்குத் தொடங்குங்கள். பொருள்களை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ஒரு மணி நேரம் வெளியே வைத்த பிறகே உறையைக் கிழிக்க வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் குளிர்ந்த தட்டைத் திறந்தால் குழிகளுக்குள் நீர் கோத்துக்கொள்ளும். எட்டுக் குழிப் பட்டைகளில் மிச்சமானதை ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு உறையிலிட்டு இறுக மூடி வையுங்கள். கழுவிய பிறகு தட்டைத் தாளில் தட்டி நீரை வெளியேற்றுவதில் சோம்பல் வேண்டாம். இரட்டைக் குழிகள் ஒத்துப்போகாததற்குப் பாதிக் காரணம் அங்கேதான்.

வந்துசேரும் பொழுதும் முக்கியம். கிட் 2 முதல் 8 பாகையில் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. பினாங்குக் கூடங்கள் பெட்டி திங்கள் முதல் புதனுக்குள் வந்துசேரும்படி சொல்லி வையுங்கள். தைப்பூசம், சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி ஆகியவற்றை ஒட்டிய வாரங்களில் வரவழைக்கவே வேண்டாம். கிடங்கில் மூன்று நாள் கிடந்தால் ஜெல் பனிப்பொதி வெந்நீராகிவிடும். பெட்டிக்குள் வெப்பப் பதிவுக் கருவி வைத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். தர மறுக்கும் விநியோகஸ்தரைவிட, சற்றுக் கூடுதல் விலை சொல்லித் தருபவரே மேல்.

இனி, கிட்டைவிட முக்கியமான விஷயத்துக்கு வருவோம். இரத்தத்தை எடுத்த வேளை தவறினால், உலகிலேயே சிறந்த கிட்டும் பயன்படாது.

எலியின் சுழற்சி 4 முதல் 5 நாள். புரோஈஸ்ட்ரஸ் ஏறத்தாழ 12 முதல் 14 மணி நேரம், ஈஸ்ட்ரஸ் ஒரு நாளுக்குச் சற்று மேல், மெட்டீஸ்ட்ரஸ் 6 முதல் 8 மணி நேரம், டையீஸ்ட்ரஸ் இரண்டு நாளுக்குச் சற்று மேல். ஈஸ்ட்ரடயாலின் உச்சம் புரோஈஸ்ட்ரஸ் நாளின் பிற்பகல். அளக்கும் முறையைப் பொறுத்து மி.லி.க்கு 30 முதல் 80 பிக்கோகிராம் வரை சொல்லப்படுகிறது. அன்று மாலை புரோஜெஸ்டிரோன் ஏறும்போது ஈஸ்ட்ரடயால் ஏற்கெனவே சரியத் தொடங்கிவிடும். ஈஸ்ட்ரஸ் நாளில் அது அடிமட்டத்தில் இருக்கிறது. பெயரைப் பார்த்து 'ஈஸ்ட்ரஸ் என்றால் ஈஸ்ட்ரோஜன் அதிகம்' என்று நினைத்துக் கட்டுரை எழுதுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். காலையில் ஸ்மியர் (யோனிச் செல்களின் பூச்சு) பார்த்துப் புரோஈஸ்ட்ரஸ் என்று குறித்துவிட்டு, இரவு 8 மணிக்கு இரத்தம் எடுத்தால் எண் தாழ்ந்து வரும். பழி கிட்டின் மேல் விழும்.

மூளையின் கணக்கு இரத்தத்தின் கணக்கோடு ஒரே நேரத்தில் நகர்வதில்லை என்பதையும் மனத்தில் வையுங்கள். ஈஸ்ட்ரடயால் செல்லின் கருவுக்குள் புகுந்து மரபணுக்களை இயக்கி முடிக்க மணிக்கணக்கில் ஆகும். செல் சவ்வு வழியாக நிமிடங்களில் நடக்கும் விளைவுகளும் உண்டு. 1990இல் வூலி, மெக்யுவன் குழுவினர் காட்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்: நினைவோடு தொடர்புடைய மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸின் சி.ஏ.1 பகுதி நரம்புச் செல்களின் கிளைகளில் முளைக்கும் நுண்முட்களின் அடர்த்தி, புரோஈஸ்ட்ரஸுக்கும் ஈஸ்ட்ரஸுக்கும் இடையே 24 மணி நேரத்தில் சுமார் 30 விழுக்காடு குறைகிறது. 1994இல் ஸியாவ், பெக்கர் இருவரும் மைக்ரோடயாலிசிஸ் (மூளைக்குள் நுண்குழாய் வைத்துச் செல்வெளித் திரவத்தை அளக்கும்) முறையில், மூளையின் உட்பகுதியான ஸ்ட்ரையேட்டத்தை அளந்தபோது, செல்வெளி டோபமைன் டையீஸ்ட்ரஸைவிடப் புரோஈஸ்ட்ரஸிலும் ஈஸ்ட்ரஸிலும் கூடுதலாக இருந்தது. சினைப்பையை அகற்றினால் விழுந்தது. ஆண் எலிகளில் விரையை அகற்றியும் அப்படி மாறவில்லை. ஈஸ்ட்ரஸில் இரத்த ஈஸ்ட்ரடயால் கீழே, டோபமைன் மேலே. ஒரே வேளையில் எடுத்த சீரத்தையும் ஸ்ட்ரையேட்டத்தையும் ஒரு கோட்டில் பொருத்தித் தொடர்பு தேடினால், தொடர்பே இல்லை என்று வரக்கூடும். இரத்தத்தில் ஏற்றம் முன்னால் நடக்கிறது, மூளையில் மாற்றம் பின்னால் வருகிறது. ஆய்வைத் திட்டமிடும்போதே இந்த இடைவெளிக்கு இடம் விடுங்கள்.

புரோஜெஸ்டிரோனையும் சேர்த்து அளப்பது நல்லது. அதற்கான கிட் இதைவிட நிம்மதி தருவது, அளவு நானோகிராமில், அதாவது ஆயிரம் மடங்கு மேலே இருப்பதால். புரோஜெஸ்டிரோன் மூளையில் அலோபிரெக்னனலோனாக மாறி, காபா ஏ ஏற்பியின் வேலையைக் கூட்டுகிறது. பதற்றம், வலிப்பு பற்றிய சோதனைகளில் ஈஸ்ட்ரடயாலை மட்டும் அளந்துவிட்டு இதை விட்டுவிட்டால் கதை பாதிதான். ஒரு எச்சரிக்கை: அட்ரினல் சுரப்பியும் புரோஜெஸ்டிரோன் சுரக்கும், அழுத்தத்தில் அதிகமாகவே சுரக்கும். எலியைத் துரத்திப் பிடித்து, புதிய அறைக்குக் கொண்டுபோய்ப் பிறகு இரத்தம் எடுத்தால், சினைப்பை இல்லாத எலியிலும் எண் ஏறியிருக்கும். கையில் எடுத்துப் பழக்குவதை ஒரு வாரம் முன்பே தொடங்குங்கள்.

ஸ்மியர் எடுக்கும் முறையில் விரிவாகச் சொல்ல அதிகமில்லை. 10 முதல் 20 மைக்ரோலிட்டர் உப்புநீர், மழுங்கிய பிப்பெட் முனை, தினமும் ஒரே நேரம். ஆழமாகக் குத்தினால் பொய்க்கர்ப்பம் வந்து இரண்டு வாரம் சுழற்சி நின்றுபோகும். குறைந்தது இரண்டு முழுச் சுழற்சி ஒழுங்காக ஓடிய எலியையே எடுங்கள்.

சினைப்பை அகற்றிய எலிகளுக்கு ஈஸ்ட்ரடயாலைத் திருப்பிக் கொடுக்கும் முறையும் கிட்டின் எண்ணைத் தீர்மானிக்கிறது. மெதுவாகக் கரையும் என்று விற்கப்படும் சில வில்லைகள் முதல் நாள்களில் இயல்பைவிடப் பலமடங்கு ஏற்றிவிட்டு, சொன்ன நாளுக்கு முன்பே தீர்ந்துவிடுவது ஒப்பீட்டு ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. எங்கள் கருத்தில் சிலிக்கோன் குழாய்க் காப்ஸ்யூலே சீரானது: உள்விட்டம் 1.57 மி.மீ., வெளிவிட்டம் 3.18 மி.மீ. கொண்ட குழாயை 30 மி.மீ. நீளத்துக்கு வெட்டி, மி.லி.க்கு 180 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரடயால் கலந்த எள் எண்ணெயை 20 மி.மீ. அளவுக்கு நிரப்பி, இருமுனையையும் மருத்துவத் தரச் சிலிக்கோன் பசையால் அடைக்க வேண்டும். எள் எண்ணெய் என்றதும் பிரிக்ஃபீல்ட்ஸிலோ ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவிலோ கிடைக்கும் நல்லெண்ணெயை வாங்கிவிடாதீர்கள். செக்கில் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பது வழக்கம். சமையலுக்கு அது அருமை, எலியின் தோலுக்கடியில் அது புண்ணாகும். ஊசி மருந்துக்குரிய தூய எண்ணெயையே கேளுங்கள். ஒப்பீட்டுக் குழுவுக்கும் அதே எண்ணெய் நிரப்பிய காப்ஸ்யூலை வைக்க வேண்டும்.

தீவனத்தையும் பாருங்கள். சாதாரண எலித் தீவனத்தில் சோயா இருக்கும். அதிலுள்ள ஜெனிஸ்டீனும் டெய்ட்சீனும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளில் ஒட்டக்கூடியவை. சோயாப் புரதம் இல்லாத தீவனம் கேட்டு வாங்குங்கள். கூண்டையும் விடாதீர்கள். 1998இல் அமெரிக்காவில் பட்ரீசியா ஹன்ட்டின் கூடத்தில், தவறான சலவைப் பொருளால் பாலிகார்பனேட் கூண்டுகள் சிதைந்து பிஸ்பினால் ஏ கசிந்து, சுண்டெலிகளின் முட்டைச் செல்களே பாழாயின. மங்கலாகிக் கீறல் விழுந்த கூண்டுகளை ஹார்மோன் ஆய்வுக்கு எடுக்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

எண் சந்தேகமாக வந்தால், இரண்டாவது கிட் வாங்குவதற்கு முன் கருப்பையை நிறுத்துப் பாருங்கள். காசில்லாத சாட்சி அது. புரோஈஸ்ட்ரஸ் எலியின் கருப்பை நீர் கோத்து உப்பியிருக்கும். சினைப்பை அகற்றி இரண்டு வாரம் ஆனதில் மெலிந்து நூலாகக் கிடக்கும். கருப்பை மெலிந்திருந்து கிட் 25 காட்டினால், கருப்பையை நம்புங்கள்.

சுண்டெலியோடு வேலை செய்பவர்களும், மூளைத் திசுவிலேயே ஈஸ்ட்ரடயால் அளக்க விரும்புபவர்களும் கிட்டை விட்டுவிட்டு எல்.சி.–எம்.எஸ். (திரவ நிறப்பகுப்போடு நிறை நிறமாலை சேர்ந்த அளவி) வசதி உள்ள கூடத்தோடு பேசுங்கள். மூளை தன்னுள்ளேயே அரோமடேஸ் நொதியால் ஈஸ்ட்ரடயால் செய்துகொள்கிறது, ஹிப்போகாம்பஸும் அதில் அடங்கும். ஆகவே சீரத்தின் எண்ணை மூளையின் எண்ணாக எழுத முடியாது. திசுவில் கொழுப்பு மிக அதிகம் என்பதால் ஈதர் பிரித்தெடுப்பு மட்டும் அங்கே போதாது. திண்மநிலைப் பிரிப்பும் வேண்டும். அனுப்புவதற்கு முன், ஒரு மாதிரிக்கு எவ்வளவு திசு தேவை, நம்பகமாக அளக்கும் கீழ் எல்லை என்ன, எலி மூளையில் திரும்பக் கிடைத்த விழுக்காடு என்ன என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டோபமைனும் செரடோனினும் அதே மூளையில் பார்க்க வேண்டுமானால், உறைந்த நிலையிலேயே ஒரு பாதியைத் தனியே எடுத்து வையுங்கள். அவற்றுக்கு 0.1 மோலார் பெர்குளோரிக் அமிலத்தில் பனிக்கட்டி மேல் அரைக்க வேண்டும், அந்த அமிலச் சாற்றை ஈஸ்ட்ரடயாலுக்குத் திருப்பிப் பயன்படுத்த வழியில்லை.